நாரை மாளிகையின் கடைசி அத்தியாயம்

சானோக், 14 அக்டோபர் 1966

அன்புள்ள தம்பி ரிஷார்டுக்கு,

நான் நலம். நீ நலமா என்று பொதுவாகக் கேட்பதைவிட உன் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது என்று கேட்பது உபயோகமானது. கேட்டுவிட்டேன்.

நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். சொல்லிக்கொள்ளாமல் வந்ததற்கு வருத்தமில்லை. ஒரு கையில் டைப்ரைட்டர், மறு கையில் துணிப்பெட்டி. டோமிசெலா என்ற விதவை அம்மாளின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. மர ஆலை அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓடுகிறது. ஆற்றைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

காரணம் உனக்குத் தெரியும். என் கதைகள் தொலைக்காட்சிக்குப் போனபோது அவற்றில் நடிக்க வந்த லிடியா. முதல் நாடகத்தில் கொலைகாரி. இரண்டாவதில் பிணம். மூன்றாவது ஒத்திகைக்குள் என் கணவனின் மடியில்.

என் கதைகள் என்று எழுதிவிட்டேன். பழக்கமில்லாததால் கை கூசுகிறது. ஆறு துப்பறியும் நாவல்கள், அட்டையில் பெர்சி ஹாலம் என்று ஓர் ஆங்கிலேயன் பெயர். அந்த ஆங்கிலேயன் உண்மையில் வார்சாவில் இருக்கும் என் கணவன் ஸெனோன் என்பது ஊருக்கே தெரியும். அந்த ஸெனோன் உண்மையில் நான் என்பது எனக்கும், அவனுக்கும், சமையலறை மூலைக் கட்டிலில் என் டைப்ரைட்டர் சத்தத்தோடு தூங்கப் பழகிய உனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏழாவது நாவல் 'நாரை மாளிகை'யை அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கடைசி அத்தியாயம் அதில் இல்லை. அது என் தலையில் இருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்களிடம் அவன் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டான். நாடு முழுக்கப் பார்க்கப் போகிற கதையில் கொலைகாரன் யாரென்று அதன் ஆசிரியருக்கே தெரியாது. அவன் அந்தக் கதையை எழுதவில்லை என்பது எல்லோர் முன்னாலும், அவன் வாயாலேயே தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அது கிடைத்த பிறகு என்ன செய்வேன் என்று யோசிக்கவில்லை.

நீ அங்கேயே இரு. வார்சாவில் உனக்கு வேறு கூரை கிடைக்காது. எனக்கும் அங்கே ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

பல்லைக் காட்டு, குளிர் வருவதற்குள்.

அக்கா செசீலியா


வார்சா, 30 அக்டோபர் 1966

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மார்புச்சளி எப்படி இருக்கிறது? சானோக் ஈரமான ஊர் என்கிறார்கள். கம்பளி உள்சட்டை எடுத்துப் போனாயா? நான் நலம். பல்லைப் பற்றி உன்னிடம் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. வலிக்கத்தான் செய்கிறது.

உன் நாற்காலி மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பியபடியே இருக்கிறது. நீ எழுந்த கோணம். யாரும் நேராக்கவில்லை. நானும்.

அத்தான் முதலில் இழுப்பறைகளில் தேடினார். பிறகு புத்தகங்களைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். நேற்று அடுப்புக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தார். கரி படிந்த விரல்களோடு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"டேய், உங்கக்கா ஒரு நூலக்கூடத் தூக்கிப் போடமாட்டா. அதெல்லாம் எங்கயோ வெச்சிருக்கா."

"இன்னும் எழுதவே இல்ல அத்தான்."

"முடிவு தெரியாம எப்படிடா இத்தன பக்கம் எழுத முடியும்?"

"அவளுக்குத் தெரியும். பேப்பருக்குத்தான் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஆட்கள் வந்திருந்தார்கள். நீ எங்கே என்று யாரோ கேட்டார்கள். "என் டைப்பிஸ்டா? லீவுல போயிருக்கா" என்றார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

குளியலறைச் சோப்பில் ஒரு ஹேர்பின் ஒட்டியிருக்கிறது. உன்னுடையது இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரிஷார்ட்


சானோக், 8 நவம்பர் 1966

தம்பிக்கு,

சளி கட்டுக்குள் இருக்கிறது. டோமிசெலா அம்மா கடுகு எண்ணெயையும் வசவையும் கலந்து மார்பில் தேய்க்கிறாள். உன் பல்லுக்குக் கிராம்பு வை.

டைப்பிஸ்ட். அந்த வார்த்தையை உன் கடிதத்திலிருந்து வெட்டி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். மற்றவர்கள் அந்த இடத்தில் சிலுவை மாட்டுவார்கள்.

நான் காகிதத்தில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன். அதில் கற்றது இது: விஷம் அவசரக்காரர்களுக்கு, கத்தி கோபக்காரர்களுக்கு. நல்ல கொலையில் யாரும் யாரையும் தள்ளுவதில்லை. சாகப் போகிறவன் தன் காலால் நடந்து வந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பான். அவன் எந்த வழியாக வருவான் என்று தெரிந்தால் போதும்.

உனக்கு அந்த நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? முதல் நாவலில் என் ஆங்கிலேயக் கர்னல் தன் பெயர்நாளுக்கு விருந்து வைப்பார். வேறு எப்படி எழுதுவேன்? நம் ஊரில் வளர்ந்தவர்கள் யார் பிறந்தநாளைக் கேட்கிறார்கள்? காலண்டரில் நம் பெயர் அச்சிட்ட நாள், அந்தப் புனிதரின் நாள் வந்தால் வாசலில் பூவோடு ஆள் நிற்கும். உலகமே அப்படித்தான் என்று இருந்தேன். இங்கிலாந்தில் அப்படியொரு வழக்கமே இல்லையாம். உங்கள் ஆங்கிலப் பேராசிரியர் நம் வரவேற்பறையில் நின்று, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஸெனோன் என்ன சொன்னான் தெரியுமா? "அது டைப்பிஸ்ட் பண்ண தப்புங்க. மலங்காட்டுக்காரி. அவளுக்கு லண்டனும் ஒண்ணுதான், அவ ஊருப் பக்கத்து லெஸ்கோவும் ஒண்ணுதான்."

அறை முழுக்கச் சிரித்தது.

அன்று நவம்பர் இருபத்திரண்டு. செசீலியாவின் நாள். அவர்கள் கையில் இருந்தது என் பெயர்நாள் ஒயின்.

கம்பளிக் காலுறை பின்னி அனுப்புகிறேன்.

அக்கா


வார்சா, 19 நவம்பர் 1966

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்திரண்டாம் தேதிக்கு முன்னால் கிடைக்கும் என்று நம்புகிறேன். பெயர்நாள் வாழ்த்துகள். நூறு வருஷம் இரு. பூ அனுப்ப வழியில்லை. காலுறைக்கு நன்றி, அளவு சரி.

நீ எழுதிய அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. அவர்கள் சிரித்தது இன்றும் காதில் இருக்கிறது. அந்த மனிதர்களை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

ஒரு செய்தி. தொலைக்காட்சி வார இதழில் அத்தானின் படம், கையில் சுருட்டு. அவர் சுருட்டுப் பிடிப்பதில்லை. பேட்டியில் சொல்கிறார்: "'நாரை மாளிகை'யின் கொலைகாரன் யார் என்று நடிகர்களுக்கே தெரியாது. இயக்குநருக்கும் தெரியாது. கடைசி அத்தியாயம் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கடைசி ஒளிபரப்பின் அன்றுதான் திறப்பேன்." பிப்ரவரியில் தொடங்கி வாரம் ஒரு பகுதி, நான்கு வியாழக்கிழமைகள். எல்லாம் நேரலை.

நம் வீட்டில் இரும்புப் பெட்டி கிடையாது.

பேட்டி வந்த மறுநாள் அவருக்கு வயிறு கெட்டுவிட்டது.

லிடியா என்னிடம் வந்து, "உங்கக்காகிட்ட நீ கேட்டா தருவாங்கல்ல? நீ செல்லத் தம்பியாமே" என்றாள். தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது.

பிரதியை வைத்துக்கொண்டு அத்தான் என்னிடம் சில ஆங்கில விஷயங்கள் கேட்டார். தேநீர் நேரம், பட்லரின் கையுறை. சில்லறை விஷயங்கள்.

சளிக்கு ஆவி பிடி.

ரிஷார்ட்


சானோக், 17 டிசம்பர் 1966

தம்பிக்கு,

இரும்புப் பெட்டி! அந்த வரியை மட்டும் டோமிசெலா அம்மாவிடம் வாசித்து, வீட்டில் அப்படியொரு பெட்டியே இல்லை என்றேன். அவள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவ்வளவு நல்லாப் பொய் சொல்றவன் கதை எழுதாம வேற என்ன பண்ணுவான்" என்றாள். அவளுக்கு உண்மை தெரியாது. பொய் சொல்லத் தெரிந்தால் போதாது. எந்தப் பொய்யை எங்கே வைத்தோம் என்று ஞாபகம் இருக்க வேண்டும்.

இத்துடன் கிறிஸ்துமஸ் அப்பம். ஒரு மூலையை உடைத்து நான் எடுத்துக்கொண்டேன், மீதி உனக்கு. தூரத்தில் இருந்தாலும் ஒரே அப்பத்தைப் பிட்டுக்கொண்டவர்கள் அந்த வருஷம் ஒருவரை ஒருவர் ஏமாற்றக் கூடாது என்று அம்மா சொல்வாள். ஸெனோனுக்குத் தூள்கூடக் கொடுக்காதே.

ஒரு கேள்வி, நேராகப் பதில் சொல். என் பிரதியில் யாராவது கைவைக்கிறார்களா? ஒரு வார்த்தை மாறினாலும் எனக்கு எழுது. தேநீரும் கையுறையும் எப்படியோ போகட்டும். வேறு எதையாவது மாற்றினால் எழுது.

பல் வலிக்கிறதா?

அக்கா


வார்சா, 27 ஜனவரி 1967

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிப்பு. தேர்வுகள். பிறகு காய்ச்சல். பிறகு ஒன்றுமில்லை, எழுதவில்லை, அவ்வளவுதான். உன் சளி? புத்தாண்டை யாரோடு கழித்தாய்?

அப்பம் தபாலில் நொறுங்கிப்போய் வந்தது. துண்டுகளை விரலால் ஒற்றி எடுத்துத் தின்றேன்.

சமையலறை மிகவும் குளிர்கிறது என்பதால் இன்னொரு அறைக்கு மாறியிருக்கிறேன். அத்தான்தான் சொன்னார். இங்கே ரேடியேட்டர் கொதிக்கிறது, பனியனோடு உட்கார்ந்து படிக்கலாம். ஜன்னலும் இருக்கிறது.

அத்தான் முடிவுகள் எழுதிப் பார்க்கிறார். ஒன்றில் கிழவி தற்கொலை செய்துகொள்கிறாள். ஒன்றில் பட்லர். ஒன்றில் இன்ஸ்பெக்டர் தோர்ன்லோவே கொலைகாரர். அதைப் படித்துவிட்டு லிடியா, "அப்போ அடுத்த நாவல்ல யாரு துப்பறிவா, நாய்க்குட்டியா?" என்று கேட்டாள். அவர் காகிதத்தைக் கிழித்தார். இருவரும் இப்போது அதிகம் பேசிக்கொள்வதில்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

பிரதியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒத்திகை போகிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

ரிஷார்ட்


சானோக், 24 பிப்ரவரி 1967

தம்பிக்கு,

நலம். அந்த இன்னொரு அறையில் ஜன்னலோரப் பலகை கிறீச்சிடும். ஐந்து வருஷம் அதன்மேல் கால் வைத்துத்தான் எழுதினேன். கண்டுபிடித்திருப்பாய்.

நேற்று முதல் பகுதி. இந்தத் தெருவில் தொலைக்காட்சி டோமிசெலா அம்மா வீட்டில் மட்டும்தான். ஆளாளுக்கு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். தபால்காரர் கெர்வாஸி, மருந்துக்கடைக்காரர் மனைவி, எதிர்வீட்டு வாத்தியார் குடும்பம். நான் பின்னால், கதவருகே நின்றேன். நான் எழுதிய வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. நான் எழுதிய மழை பெய்தது. என் பக்கத்தில் நின்ற யாருக்கும் தெரியாது.

பிணம் விழுந்ததும் கெர்வாஸி, "பட்லர்தான். முடிஞ்சது. நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

"உக்காருய்யா. பட்லர் கைல தட்டு இருந்துச்சு. தட்டோட எப்படிக் கழுத்த நெரிப்பான்?" என்றாள் டோமிசெலா அம்மா.

"ஏம்மா, கீழ வெச்சிட்டுத்தான் நெரிப்பான்!"

"வெள்ளித் தட்ட எவனாவது தரைல வெப்பானா? உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாரு!"

இப்போது ஒரு சந்தேகம். காலை உணவுக் காட்சி. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய மருமகன் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கும் கேப்டன் ரோலி, சீமாட்டி செசிலிக்குப் பூங்கொத்துக் கொடுக்கிறான். அப்போது இங்கே தொலைக்காட்சி இரைந்தது, சத்தம் சரியாகக் கேட்கவில்லை. அவன் என்ன சொன்னான்? பிறகு கேக் ஒன்று வந்தது, மெழுகுவர்த்திகளோடு. "மனசுக்குள்ள எதையாவது நெனச்சுக்கிட்டு ஊதுங்க அத்தை" என்றான். அந்தக் கேக் என் பிரதியில் இல்லை.

தெருவே கேக்கைப் பற்றித்தான் பேசுகிறது. கேக்குக்கு நெருப்பு வைப்பதை இவர்கள் பார்த்ததில்லை.

அவன் என்ன சொன்னான், ரிஷார்ட்?

அக்கா


வார்சா, 5 மார்ச் 1967

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கே பனி உருகுகிறது. காலணி உள்ளே நனைகிறது.

கேப்டன் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னதாக நினைக்கிறேன். சரியாகக் கவனிக்கவில்லை. கேக் இயக்குநரின் யோசனையாக இருக்கலாம்.

இரண்டாவது பகுதிக்குப் பிறகு நாடு பைத்தியமாகிவிட்டது. டிராமில் டிக்கெட் கிழிப்பவர் அத்தானை அடையாளம் கண்டு, "ஐயா, பட்லர்தானே? தலையை மட்டும் ஆட்டுங்க" என்று கெஞ்சினார். பத்திரிகையில் போட்டி வைத்திருக்கிறார்கள். காட்சி காட்சியாக எழுதி வைத்துக்கொண்டு ஜனங்கள் வாதாடுகிறார்கள்.

அத்தான் சாப்பிடுவதில்லை. சட்டைக் காலர் கழுத்தில் தளர்ந்து நிற்கிறது. நேற்று உன் நாற்காலியில் உட்கார்ந்து, என் முன்னால் அழுதார். "உங்கக்காகிட்ட சொல்லுடா. என்ன வேணும்னாலும் தரேன். அந்த ஒரு அத்தியாயம். நான் மண்டியிடணுமா? மண்டியிடறேன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

அக்கா, போதும் என்று தோன்றுகிறது. நீ கேட்டதைவிட அதிகம் கிடைத்துவிட்டதல்லவா, அவர் மண்டியிடவே தயார்? மூன்றாவது பகுதி ஒன்பதாம் தேதி. கடைசிப் பகுதி பதினாறு. அனுப்பிவிடு. இது நல்லபடியாக முடிந்தால் என் அறையும்...

வேண்டாம். அனுப்பினால் எல்லோருக்கும் நல்லது.

ரிஷார்ட்


சானோக், 11 மார்ச் 1967

தம்பிக்கு,

நலம்.

சரி. கடைசி அத்தியாயம் எழுதிவிட்டேன். வியாழன் காலை ரயிலில் கெர்வாஸியின் மருமகன் வார்சா வருகிறான், கையில் கொடுத்தனுப்புகிறேன். நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள். ஒளிபரப்பு மாலையில். மனப்பாடம் செய்ய அவர்களுக்கு நேரம் போதும், யோசிக்கப் போதாது.

பணம் வேண்டாம், மண்டி வேண்டாம். ஒரே நிபந்தனை, எழுதியது எழுதியபடி பேசப்பட வேண்டும். அவனால் வேறெதுவும் முடியாது என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

உறையை ஒட்டியிருக்கிறேன். பிரிக்காதே. நேராக ஸெனோனிடம் கொடு.

பல்?

அக்கா


வார்சா, 20 மார்ச் 1967

அக்கா,

நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்.

உறையை மதியம் கொடுத்தேன். அத்தான் கிழித்து, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். "கேப்டன் ரோலி! கேப்டன் ரோலிடா! எனக்கு அப்பவே தெரியும்!" என்று என் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். டாக்சியில் ஸ்டுடியோவுக்கு ஓடினார். ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சீட்டியடித்துக்கொண்டு திரும்பினார். அங்கே வசனத்தைத் தொப்பிக்குள்ளும் பூச்சாடிக்குப் பின்னாலும் ஒட்டிவைத்து நடித்தார்களாம்.

மாலையில் வீட்டில் கூட்டம். அதே பேராசிரியர், அதே ஆட்கள். லிடியா ஸ்டுடியோவில். அத்தான் நடுவில், கோப்பையோடு. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றிருந்தேன்.

தோர்ன்லோ எல்லோரையும் நூலக அறையில் உட்கார வைத்தார். நெருப்பின் பக்கம் திரும்பினார். மெதுவாகச் சொன்னார்: "கேப்டன், அன்று காலை உங்கள் அத்தைக்குப் பெயர்நாள் வாழ்த்துச் சொன்னீர்கள். இங்கிலாந்தில் பிறந்த எவனும் பெயர்நாள் வாழ்த்துச் சொல்லமாட்டான். அப்படியொரு நாள் இருப்பதே அவனுக்குத் தெரியாது. நீங்கள் அவருடைய மருமகன் இல்லை. நீங்கள் ஆங்கிலேயரே இல்லை. உங்கள் நாடு எது?"

கேப்டனாக நடித்தவர் எழுந்து, கைத்துப்பாக்கியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு, நேரலையில், நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "மன்னிக்கணும் இன்ஸ்பெக்டர்... நான் பிறந்தநாள்னுதானே சொன்னேன்?" என்றார்.

தோர்ன்லோ பூச்சாடியைப் பார்த்தார். அதில் பதில் இல்லை.

"கேக்கெல்லாம் வெட்டினோமே" என்றாள் சமையற்காரியாக நடித்த கிழவி, யாரிடமோ.

லிடியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள், தோள் குலுங்கியது. திரை இருண்டது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை வந்தது. பின்னால் வயலின்.

தொலைபேசி அடித்தது. பேராசிரியர், "ஸெனோன், அப்போ உங்க கதைல முதல்ல இருந்தது எது, பெயர்நாளா பிறந்தநாளா?" என்று கேட்டார். அத்தான் கோப்பையை வைத்துவிட்டுப் பிரதியைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினார். "நீங்கதானே எழுதுனீங்க?" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வெளியே போ என்றார். காரணம் சொல்லவில்லை.

விடுதியில் ஒரு நண்பனின் கட்டிலுக்கு அடியில் படுக்கிறேன். காவலாளி கண்டுபிடித்தால் அதுவும் போகும். பல் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. நான் சானோக் வரலாமா? தரை போதும்.

ரிஷார்ட்


சானோக், 30 மார்ச் 1967

அன்புள்ள தம்பிக்கு,

சளி போய்விட்டது. முழுவதும். டோமிசெலா அம்மா கடுகு எண்ணெயால் என்கிறாள்.

இங்கே அன்று என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். கேப்டன் அந்த வார்த்தையைச் சொன்னதும் டோமிசெலா அம்மா நாற்காலிமேல் ஏறி நின்று, "அடப்பாவிகளா, மெழுகுவத்திய ஊதவே வெச்சாங்களேடா! இந்த எழுத்தாளன் என்ன குடிச்சிட்டா எழுதினான்?" என்று கத்தினாள். "அவன் எழுதவே இல்ல" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அப்படித்தான் முதன்முதலாகச் சொன்னேன், ஈரக் காலணிகளுக்கு நடுவே நின்று.

நேற்று பதிப்பகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். வார்சாவில் ஸெனோனிடம் கேட்டு விடை கிடைக்காத கேள்வியோடு டைப்பிஸ்டைத் தேடி வந்திருந்தாள்: ஏன் பெயர்நாள்? சொன்னேன். நம் நாட்டு வாசகன் எவனுக்கும் அது உறுத்தாது, அவன் வீட்டிலும் அப்படித்தான். ஒரு துப்பை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. உறுத்துகிற நாலு பேருக்கு 'மறுபடியும் அதே தப்பு' என்று தோன்றும், சிரித்துவிட்டுக் கடந்துபோவார்கள். கடைசி அத்தியாயத்தில் அந்தச் சிரிப்பு அவர்கள் தொண்டையில் நிற்கும். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். புத்தகம் இலையுதிர் காலத்தில் வருகிறது, அட்டையில் என் பெயரோடு.

ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகும் இங்கிலாந்தில் பெயர்நாள் இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று எப்படி நினைத்தீர்கள்?

நினைத்தீர்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். நினைத்தான் என்று இல்லை.

ஸெனோனுக்கு என் பிரதியில் ஒரு காற்புள்ளியை நகர்த்தவும் தைரியம் வராது. பக்கத்தில் படித்தவன் ஒருவன் நின்று 'இது தப்பு அத்தான்' என்று சொல்ல வேண்டும். மெழுகுவர்த்தியை ஊதும்போது மனதுக்குள் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டில் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆங்கிலம் படிப்பவனுக்கு. அதற்குக் கூலியாக என் அறை. யாராவது கைவைக்கிறார்களா என்று டிசம்பரில் கேட்டேன். அப்பத்தோடு சேர்த்துக் கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதினாய். கேப்டன் என்ன சொன்னான் என்று பிப்ரவரியில் கேட்டேன். கவனிக்கவில்லை என்று எழுதினாய். இரண்டு தடவை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், ரிஷார்ட். மூன்றாவது தடவை அத்தியாயத்தை எழுதி அனுப்பினேன்.

ஒரு சிறு விஷயம். அந்த வீட்டு ரேடியேட்டர் மார்ச்சிலும் கொதிக்கும். நீயே எழுதினாய், பனியனோடு உட்காரலாம் என்று. பிறகு ஏன் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றாய்? தோர்ன்லோ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே?

உறையை நீ டிராமில் பிரித்து, மறுபடி ஒட்டினாய். சின்ன வயசிலிருந்தே மற்றவர்கள் கடிதத்தைப் பிரிப்பாய். படித்தாய். புரிந்துகொண்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஸெனோன் தப்பித்திருப்பான், மாலைவரை நேரம் இருந்தது. சொல்லவில்லை. சொல்வதென்றால் மாற்றியது நீ என்பதையும் சொல்ல வேண்டுமே. நீ சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். என் கதையில் சாகிறவன் எப்போதும் தானே நடந்துதான் வருவான். இந்தத் தடவை இரண்டு பேர்.

அந்த நவம்பரில் அவர்கள் சிரித்தார்கள் என்று எழுதினாய். அவர்கள். நான் தட்டோடு சமையலறைக் கதவில் நின்றிருந்தேன். எனக்கு நேர் எதிரே நீ. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் முழுக்கத் திறந்து சிரித்தாய். கடைசிப் பல்வரை தெரிந்தது. கீழ்வரிசையில், இடதுபக்கம், கடைவாய்ப் பல். அப்போதே சொத்தை. பல்லைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய் அல்லவா?

வா என்று எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. டோமிசெலா அம்மா வீட்டில் தரை இருக்கிறது, மருந்துக்கடைக்குப் பக்கத்தில் பல் பிடுங்குகிறவர் இருக்கிறார். நீ எந்த வழியாக வருவாய் என்று நான் ஊகிக்காத முதல் மனிதனாக இரு.

ஏப்ரல் மூன்றாம் தேதி உன் கையில் கிடைக்கும்படி பார்த்து இதைத் தபாலில் போடுகிறேன். காலண்டரில் ரிஷார்ட் என்று அச்சிட்டிருக்கிற நாள். ஆங்கிலேயனுக்கு இதில் ஒன்றும் புரியாது. உனக்குப் புரியும்.

பெயர்நாள் வாழ்த்துகள், தம்பி.

அக்கா செசீலியா